திறப்பு யாரிடம்?

சண்டிலிப்பாயில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணப் புறப்பட்டால் ஒரு ஒழுங்கை முடிவதற்குள் கைவிரல் போதாமற் போய்விடும். உடையவர்கள் ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில். திறப்பு அயல்வீட்டு அக்காவின் அலுமாரிக்குள், பழைய பால்மாப் பேணி ஒன்றில் கிடக்கும். இடைக்கிடை போய்க் கிணற்று மோட்டரைப் போட்டுப் பார்ப்பதும், கறையான் பிடித்திருக்கிறதா என்று கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பதும், திருவிழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஒரு கிழமை முன்னரே கூட்டிக் கழுவி விடுவதும் அவர் வேலை. எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் "அந்த வீட்டுத் திறப்பு ஆரிட்ட?" என்று ஒழுங்கையில் சைக்கிளில் போகிற சிறுவனைக் கேட்டாலும் பதில் வரும். ஊருக்குத் தெரியும் என்பதுதான் அந்த வீட்டின் பாதிக் காவல்.

அந்த வீட்டுக்கு இப்போது இன்னொரு திறப்பும் இருக்கிறது. விறாந்தை முகட்டுக்குக் கீழே ஒரு கமரா பூட்டியிருக்கிறது. மகன் கனடாவில் பனி வழிக்கிற நேரத்தில் கைபேசியை எடுத்துத் தன் வீட்டுப் படலையைப் பார்க்கிறான். நல்லதுதான். ஆனால் அந்தக் கமராவுக்குள் நுழையும் கடவுச்சொல் யாரிடம் எல்லாம் இருக்கிறது? மகனிடம். பூட்டிய பெடியனிடம். பெடியன் அப்போது வேலை செய்த கடையில். அவன் கடையை விட்டு விலகிய பின் அவனிடமும் கடையிடமும். இதை ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. வீட்டுக்காரரைக் கேட்டாலும் தெரியாது.

தூரத்தில் இருந்துகொண்டு இன்னொரு கணினிக்குள் நுழைந்து வேலை செய்வது இப்போது எங்கள் பகுதியில் அன்றாடக் காரியம். பாடசாலைக் கணினிக் கூடம், சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபையின் கணக்கு, வீட்டில் தனியே இருக்கும் தாய் தகப்பனின் மடிக்கணினி என்று எல்லாவற்றிலும் எங்கோ இருக்கும் யாரோ ஒருவரின் கை படுகிறது. இதைத் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளின் விடயம் என்று தள்ளிவைத்துவிட்டோம். தள்ளிவைத்தது பிழை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை இரவு ஏழரை மணி, ரொறன்ரோவில் காலை பத்து. தங்கச்சியின் மகன் தொலைபேசியில்.

"திரையில ஒன்பது இலக்கம் தெரியும் பெரியம்மா. அதை ஆறுதலா வாசியுங்கோ."

வாசித்தார். கேட்ட கேள்விக்குச் சம்மதம் என்று அழுத்தினார். அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது.

"தம்பி, இது தன்பாட்டில ஓடுது."

"நான்தான் பெரியம்மா. நீங்கள் கையை எடுங்கோ."

பத்து நிமிடத்தில் அச்சுப்பொறி வேலை செய்தது. இல்லாவிட்டால் கணினியைத் துணியில் சுற்றி முச்சக்கரவண்டியில் ஏற்றி மானிப்பாய்க்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு அழைப்பு. வங்கியில் இருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கில் ஒரு சிக்கல், திரையில் தெரியும் இலக்கத்தை வாசியுங்கள் என்றது நல்ல தமிழில் ஒரு குரல். ஐந்து இலக்கம் வரை வாசித்துவிட்டார். ஆறாவதில் ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். "தம்பி எண்டால் பெரியம்மா எண்டு கூப்பிடுவான். இவன் மேடம், மேடம் எண்டான்" என்றார். அன்று அவருடைய சேமிப்பைக் காப்பாற்றியது உறவுமுறை. அடுத்த முறை கூப்பிடுகிறவன் எங்கள் குடும்பப் படங்களை முகநூலில் பார்த்துவிட்டுப் பெரியம்மா என்றே தொடங்கினால் அதுவும் கைகொடுக்காது.

இது சண்டிலிப்பாய்க்கு மட்டும் வந்த வினை இல்லை. 2019 பெப்ரவரியிலேயே இந்திய ரிசர்வ் வங்கி, இப்படித் தூரத்திலிருந்து நுழைய உதவும் எனிடெஸ்க் செயலியைப் பெயர் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. செயலியில் குற்றம் ஒன்றும் இல்லை. தங்கச்சி மகனுக்கும் திருடனுக்கும் அது ஒரே கதவைத்தான் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் வீட்டில் இருப்பவர் சம்மதம் சொன்னால்தான் உள்ளே வரலாம் என்று வைத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை வைத்து ஆள் இல்லாத நேரத்திலும் வந்துபோக விடவும் வழி இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் வசதிக்காக இரண்டாவதைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முதியவர் தனியே இருக்கும் வீட்டுக்கு முதலாவதுதான் தகும். இதைச் சொல்ல வேண்டியது பெரியம்மா இல்லை, ரொறன்ரோத் தம்பி.

இந்தத் துறையின் வரலாறு எங்கள் வரலாற்றோடு ஓரிடத்தில் விசித்திரமாக முட்டிக்கொள்கிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய முதலில் இருந்தது டெல்நெட் என்ற முறை. தட்டுகிற கடவுச்சொல் உட்பட எல்லாம் திறந்தபடியே கம்பியில் போகும். போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவத்தில் கடிதம் எழுதியவர்களுக்கு இது விளங்கும். அது ஒட்டாத தாள். இடையில் எத்தனை பேர் கையில் படுகிறதோ அத்தனை பேரும் வாசிக்கலாம் என்று தெரிந்தே எழுதுவோம்: நாங்கள் சுகம், நீங்கள் சுகமா. அதற்கு மேல் ஒன்றும் எழுத மாட்டோம். டெல்நெட்டில் உலகமே தன் கடவுச்சொற்களை அப்படி ஒட்டாத தாளில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து அந்தக் கடவுச்சொற்களை அள்ளினார்கள். அங்கிருந்த ஆய்வாளர் தாத்து யுலோனென் அதற்கு மாற்றாக ஒன்றை எழுதி, அந்த ஆண்டு யூலையில் எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று வெளியிட்டார். அதுதான் எஸ்.எஸ்.எச். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் வரை அதை எடுத்துக்கொண்டார்கள்.

அதே 1995 யூலையில் எங்கள் பக்கம் மின்சாரமே இல்லை. 9ஆம் திகதி வலிகாமத்தில் இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை தொடங்கியது. ஓடிவந்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் ஒதுங்கியவர்கள் மீது அன்றே குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அன்றிரவு ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒருவர் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். அடுத்த சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது பலரிடம் திறப்பு பத்திரமாக இருந்தது. கதவு இருக்கவில்லை. கூரையும் இருக்கவில்லை. திறப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது. கடவுச்சொல்லை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் மென்பொருள் உக்கிப்போனால் கதவில்லாத வீட்டுத் திறப்புத்தான்.

உக்கிய கதவுக்கு எடுத்துக்காட்டு தேடித் தூரப் போக வேண்டாம். 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல்களைத் தாங்கிய அரச முகிற்கணினிச் சேவைக்குள் கப்பம் கேட்கும் நச்சுநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொவ்ற் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, காலாவதியானது. சேவைக்குள் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. வெளியே தனியாக எடுத்துவைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அன்று யார் பொறுப்பு என்று கேட்டபோது வந்த விளக்கங்களில் நிதியும் இருந்தது, முன்பு எடுத்த முடிவுகளும் இருந்தன. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பாக இருந்ததால் ஒருவரும் பொறுப்பாக இருக்கவில்லை. 97,000 நூல்கள் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் சாம்பலைப் பார்த்த மக்களுக்கு 'வேறிடத்தில் இன்னொரு பிரதி' என்பதன் அருமையைக் கொழும்பு சொல்லித் தர வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் அந்த அறிவில் முளைத்ததுதான்.

எஸ்.எஸ்.எச். செய்த காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதில் ஒரு சோடி உருவாகும்: ஒன்று ஆமைப்பூட்டு, மற்றது அதன் திறப்பு. பூட்டை எத்தனை வேண்டுமென்றாலும் படியெடுத்து, நுழைய வேண்டிய கணினிகளில் எல்லாம் கொழுவிவிடலாம். அதைப் பார்த்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. திறப்பு உரியவரின் கணினியை விட்டு இறங்காது. நுழையும்போதுகூடத் திறப்பைக் காட்ட வேண்டியதில்லை, கையில் இருக்கிறது என்று நிரூபித்தால் போதும். வழியில் ஒளிந்திருப்பவனுக்கு அள்ள ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு சோடி என்பதால் ஒருவர் விலகினால் அவருடைய பூட்டை மட்டும் கழற்றிவிடலாம். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. இந்தக் கடைசி வசதியைத்தான் நாங்கள் வீணாக்குகிறோம். எங்கள் அலுவலகங்களில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் ஏதோ ஒரு ஆண்டும். விசைப்பலகையைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கும்.

ஒரு பொது நிறுவனத்தில் இதைப் பார்த்தேன், பெயர் வேண்டாம். புதிய நிர்வாகம் தெரிவாகி இரண்டாம் நாளே தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வங்கிக்குப் போய் ஒப்பத்தை மாற்றினார்கள். அதில் ஒரு நாள் பிந்தினாலும் ஊர் கேள்வி கேட்கும். கணினிக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழியோ முன்னைய நிர்வாகத்துக்கும் முன்னைய நிர்வாகம் நியமித்த ஒருவரிடம் இருந்தது. அவர் இப்போது கட்டாரில். கெட்டவர் இல்லை, கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்படைப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. அவருடைய கைபேசி தொலைந்தால் என்ன ஆகும் என்றும் யாரும் யோசிக்கவில்லை.

கல்வளைப் பிள்ளையாருக்கு நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய ஊர் இது. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும் என்பது அதன் விதி. நிர்வாகங்கள் மாறுவதும் அப்படி இருக்கலாமே. பழைய செயலாளரின் கடைசி வேலை, புதியவரின் முதல் வேலையாக, இருவரும் ஒரே மேசையில் இருந்து செய்தால் அரை மணி நேரம்.

"எங்கட சின்ன ஊர்க் கணினியை ஆர் தேடி வரப் போறான்" என்று ஒரு பெரியவர் கேட்டார். பலருடைய மனதில் இருக்கிற கேள்வி. தேடி வர வேண்டியதில்லை. இணையத்தில் ஒவ்வொரு கணினியும் ஓர் இலக்கம்; இலக்கத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது. பழைய முறை இலக்கங்கள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. அத்தனையையும் ஒரே கணினியில் இருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று 2013இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார்கள். விண்டோஸ் கணினியின் தொலைவழிக் கதவான 3389ஆம் இலக்க வாசலை இணையத்துக்கு நேரே திறந்துவிட்டால், அதே நாளில் தட்டல் கேட்கத் தொடங்கும். பதிவேட்டைத் திறந்து காட்டினால் அந்தப் பெரியவர் நம்புவார். அட்மின், ரூட், டெஸ்ட், யூசர் என்று ஒரு விநாடி விடாமல் பெயர்களை மாற்றி மாற்றி இரவு முழுவதும் யாரோ தட்டிக்கொண்டிருப்பார்கள். அது ஆள் இல்லை, இயந்திரம். அதற்குச் சண்டிலிப்பாயும் ஒன்றுதான் சிங்கப்பூரும் ஒன்றுதான். ஆகவே அந்த வாசல் நேரே வீதிக்குத் திறக்கக் கூடாது. முதலில் வி.பி.என். என்ற வெளிப்படலை, பிறகு வீட்டுக் கதவு, கதவடியில் கைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்பாடு. சங்கடப்படலை வைத்து வாழ்ந்த ஊருக்கு இது புதிதா?

சரி, என் கணினி, என் நட்டம், ஊருக்கு என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. சுன்னாகத்தில் மின் நிலைய வளாகத்துக் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கியபோது அந்த வளாகத்தோடு அது நிற்கவில்லை. சுண்ணாம்புக்கல் பொந்துகளால் ஊறி, ஒரு லீற்றர் எண்ணெய்கூட ஊற்றாதவர்களின் கிணற்று வாளியில் படலமாக வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்பிரலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு என்று தீர்ப்பானது. தண்ணீரில் எல்லை போட முடியாது.

இணையமும் ஊறும். 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி அமெரிக்காவில் ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலியவை மணிக்கணக்கில் திறபடவில்லை. காரணம் மிராய் என்ற நச்சுநிரல். அது நுழைந்தது பெரிய கணினிகளுக்குள் இல்லை. உலகெங்கும் வீட்டு முகடுகளில் பூட்டியிருந்த கமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும். தொழிற்சாலையில் போட்டுவிட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை; கதவு அதே பழைய டெல்நெட். 60 சொச்சம் பெயர்–கடவுச்சொல் சோடிகளை வைத்துக்கொண்டே அது இலட்சக்கணக்கான கருவிகளைச் சேர்த்து ஒரே இடத்தில் மோதவிட்டது. கமராவின் சொந்தக்காரருக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர் வழமைபோலத் தன் படலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். எங்கள் ஒழுங்கைகளில் அப்படிப்பட்ட கமராக்கள் இப்போது எத்தனை!

பங்குக் கிணறு எங்களுக்குத் தெரிந்த ஏற்பாடு. உறுதியில் எழுதியிருக்கும் பங்கு எவ்வளவோ அவ்வளவு முறை. துலா காலத்தில் முறை வைத்து இறைத்தார்கள், மோட்டர் காலத்திலும் முறைதான். கிணறு கலக்கி இறைக்கும் நாளில் மட்டும் பங்கின் அளவு பார்ப்பதில்லை, எல்லோரும் வர வேண்டும். வராமல் ஒருவரின் முதுகில் ஏற்றிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே பயன்படுத்தும் எஸ்.எஸ்.எச். ஒரு பாடம் தந்தது. அது பல லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்.ஸெட். என்ற சின்ன உதவி மென்பொருள் ஒன்றோடு கோத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பராமரித்தவர் லாசே கொலின் என்ற ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல். களைத்துப்போனார். ஏன் தாமதம், ஏன் பதில் இல்லை என்று கண்டபடி நெருக்கினார்கள். அப்போது ஜியா டான் என்ற பெயரில் உதவிக்கு வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் எஸ்.எஸ்.எச். வாசலையே திறக்கும் கள்ளத் திறப்பு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். 2024 மார்ச் 29இல் அது அம்பலமானது. கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற பொறியியலாளர்; வேறு ஏதோ வேலையாக இருந்தவர், உள்நுழைவு வழமையைவிட அரை விநாடி பிந்துகிறதே என்று விடாமல் கிண்டிப் பார்த்தார். பரீட்சார்த்தப் பதிப்புகளைத் தாண்டி அது பரவுவதற்குள் பிடிபட்டது.

எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது கள்ளன் இல்லை. களைத்துப்போன அந்த ஒருவர். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு பெடியன் இருக்கிறான். பாடசாலைக்கும் அவன்தான், சனசமூக நிலையத்துக்கும் அவன்தான், கோயில் நேரடி ஒளிபரப்புக்கும் அவன்தான். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு போகும்: "தம்பி, ஒருக்கால் பாரன்." ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிற காசில் கால்வாசிகூட அவனுக்குக் கொடுப்பதில்லை. வெளிநாட்டுச் சங்கங்கள் கணினி வாங்கித் தருகின்றன, திறப்புவிழாவில் நாடா வெட்டப்படுகிறது, பெயர்ப்பலகை வைக்கப்படுகிறது. அடுத்த ஐந்து ஆண்டுக்கு அதை இற்றைப்படுத்துவதற்கும் பிரதி எடுப்பதற்கும் என்று ஒரு தொகை ஒதுக்கிய சங்கத்தை நான் இன்னும் காணவில்லை. பெயர்ப்பலகைச் செலவில் அதைத் தொடங்கலாம்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு கொப்பி. எந்தக் கணினிக்கு, யார், எந்த வழியால், எப்போதில் இருந்து வந்துபோகிறார் என்று நான்கு கோடு போட்டு எழுதும் கொப்பி. கடவுச்சொல்லை அதில் எழுதக் கூடாது, ஆளின் பெயரை மட்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்த கையோடு அதையும் வாசிக்க வேண்டும். கட்டாரில் இருப்பவரின் பெயர் வாசிக்கப்படும்போது பின்வரிசையில் யாரோ ஒருவர் "அவர் இன்னுமோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வி போதும். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் தங்கள் அலுவலகங்களில் முதலில் செய்துகாட்டினால் சங்கங்கள் பின்னால் வரும். பாடசாலைக் கணினிக் கூடங்களில் உயர்தர மாணவர் இருவரை ஆசிரியரோடு சேர்த்து இந்தக் கொப்பிக்குப் பொறுப்பாக்கலாம். நாளைக்கு அவர்களில் ஒருவர்தான் வேறு நாட்டிலிருந்து எங்கள் கணினிக்குள் வரப்போகிறார்.

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, ஒன்றையும் எடுக்காமல் அனுமதியின்றி உள்ளே போய்ப் பார்ப்பதே குற்றம். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஏமாந்தவர்கள் வெட்கத்தில் மூடிமறைக்கிறார்கள்; அயலில் இருப்பவர்களாவது "உங்களுக்குப் படிப்பிருந்துமோ" என்று கேட்காமல் இருந்தால் முறைப்பாடு கூடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மடிக்கணினிக்குள் வர யாருக்கெல்லாம் வழி இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். நான்கு இருந்தது. ஒன்று, எப்போதோ அச்சுப்பொறி பூட்ட வந்தவருடையது, அழித்துவிட்டேன். மற்றது ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுடையது, ஆறு வருடத்துக்கு முன் கொடுத்து மறந்தது. சொல்லாமல் அழித்தால் கோபிப்பார். இரவு எட்டு மணிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கே அப்போது காலை பத்தரை.